ஒத்தை வரிசை

மனிதகுல வரலாற்றைப் புரட்டிப் போட்ட பொருள்கள் இரண்டு. ஒன்று உப்பு, மற்றது கம்ப்யூட்டர். இவ்விரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்த வீடு பூமியில் ஒன்றே ஒன்றுதான் என்றும், அது மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருக்கும் தன்னுடைய வீடுதான் என்றும் பலராமன் டீக்கடையில் சொல்லிவந்தார். உப்பு என்றது மனைவி அம்சவல்லியை. கம்ப்யூட்டர் என்றது மகன் தேவாவை. அந்தக் கூரையில் மேற்குப் பக்கம் நாலு சிமெண்ட் ஷீட் உடைந்திருந்தது. மழை வந்தால் உப்புக் குவியலுக்குப் போடுகிற தார்ப்பாயை எடுத்துவந்து கம்ப்யூட்டர் மேல் போடுவார்கள்.

கம்ப்யூட்டர்க்காரன் எப்படி இருக்கவேண்டும் என்பதில் ஊருக்கு ஒரு தெளிவு இருந்தது. வெளுத்திருக்க வேண்டும். கண்ணாடி போட்டிருக்க வேண்டும். எதிரில் வந்தால் யாரோ என்று போகவேண்டும். தேவாவோ நல்ல கருப்பு. பார்வை பருந்துக்குச் சமம். எதிரில் வருகிறவர்களை நிறுத்திச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிற பழக்கம் வேறு. வேலை கிடைத்த புதிதில் அடுத்த வீட்டு அருக்காணி நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஏண்டா தேவா, மெய்யாலுமே கம்ப்யூட்டர் வேலைதானா? வேற எதுனாவா?”

“கம்ப்யூட்டர்தான் அத்தை.”

“பாத்தா தெரியலயே. பொம்மையார்பாளையத்துல என் நாத்தனாரு புள்ள ஒருத்தன் கம்ப்யூட்டர்ல இருக்கறான். மொகத்துல சொட்டு ரத்தம் கெடையாது. பேச்சும் கெடையாது. அவன் படிச்சவன்.”

மறுவாரம் தேவா புதுச்சேரிக்குப் போய் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டான். அதற்குப் பவர் கிடையாது. ஊருக்கு நிம்மதி வந்தது. ரேஷன் கார்டில் பேர் ஏற்றுவது தொடங்கி மிக்ஸி சுற்றாதது வரை எல்லாம் அவனிடம் வந்தது. மிக்ஸிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தான். “படிச்ச திமிரு” என்றார்கள். அதுவும் கம்ப்யூட்டர்க்காரன் லட்சணம்தான் என்று பலராமன் பூரித்துப் போனார்.

ஊருக்கு ஒரு தெளிவு இருந்தால் ஆபீசுக்கு ஒரு தெளிவு இருக்காதா? ஆபீஸ் சென்னையில். மாதம் ஒருமுறை தலையைக் காட்டினால் போதும், மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே வேலை. அங்கே டீம் லீடர் ஆரோக்கிய பிரபு. முப்பத்திரண்டு வயசு. வாழ்க்கையை மேடையில் நின்று பார்க்கிறவர். இண்டர்வியூவில் கேள்வியெல்லாம் முடிந்தபின், கைகளைக் கோத்து முன்னால் சாய்ந்து, “கடைசியா ஒண்ணு. என்ன கேம் ஆடுவீங்க? கோட் எழுதறவன் கேம் ஆடலேன்னா எனக்கு அவன் மேல நம்பிக்கை வராது” என்றார்.

தேவா பல்லாங்குழியைத் தாண்டி எதுவும் ஆடியதில்லை. காலையில் பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரன் போனில் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டின் பேரைச் சொன்னான்.

“அட, நம்மாளு!” என்று பிரபு எழுந்து கைகொடுத்தார்.

அதுவரை தேவாவை யாரும் நம்மாளு என்று சொன்னதில்லை. கல்லூரி குரூப் போட்டோவில் அவனுடைய முழங்கை மட்டும்தான் விழுந்திருந்தது. ஆகவே அந்த ஒரு சொல்லைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தான். வந்தபிறகுதான் அதற்குக் கொடுக்கவேண்டிய விலை தெரிந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு டீமில் நாலு பேர் சேர்ந்து ஆடவேண்டும்: பிரபு, சதீஷ், கிறிஸ்டி, தேவா.

நூறு பேர் ஒரு தீவில் குதித்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு, கடைசியில் எந்த அணி மிஞ்சுகிறதோ அது ஜெயித்தது என்கிற ஆட்டம். தேவாவுக்குச் சுடுவதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் திரையில் அந்தத் தீவு சுழல ஆரம்பித்ததும் அவன் வயிறும் சுழல ஆரம்பிக்கும். சின்ன வயசில் திண்டிவனம் பஸ்சில் ஜன்னல் சீட்டுக்கு அழுத வயிறு அது. முதல் வெள்ளிக்கிழமை குதித்த மூன்றாம் நிமிஷம் வாளியைத் தேடி ஓடினான். அது கார்த்திகை மாசம். உப்பளமெல்லாம் மழைத்தண்ணியில் மூழ்கி, மூணு மாசமாக வேலையில்லாமல் அம்சவல்லி சுவரில் சாய்ந்து சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ம்மா, போனைப் புடி, புடி! கீழ வெக்காத!”

“இன்னாடா இது, ஆளுங்க ஓடறாங்க?”

“நம்ம டீமும்மா... உவ்...”

அவன் வாய் கொப்பளித்து, முகம் கழுவி, வேஷ்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தபோது அம்சவல்லி குந்தின வாக்கிலேயே போனைப் பிடித்திருந்தாள். உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நின்றவள். வெள்ளை உப்பின் மேல் வெள்ளைக் கொக்கு அசைந்தாலும் அவளுக்குத் தெரியும். திரையில் தூரத்துப் புல் ஒன்று மற்றப் புல்லைப்போல ஆடவில்லை. அவள் கட்டைவிரலால் அதைத் தட்டினாள்.

“இத்த அமுக்கினா சுடுமா?”

“அமுக்காதம்மா!”

“அமுக்கிட்டேன்.”

ஹெட்செட்டுக்குள்ளிருந்து மூணு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “தேவா! தல! என்னடா அடி இது!”

அன்று தொடங்கியதுதான். இரண்டு வருஷம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை ஆறு மணியானால் அம்சவல்லி கை கால் கழுவி, தலையை முடிந்துகொண்டு, ஹெட்செட்டை மாட்டி, மகனுடைய போனை மடியில் வைத்துக்கொள்வாள். பேச முடியாது என்பதால் மைக் ரிப்பேர் என்று சொல்லிவைத்தார்கள். இரண்டு வருஷம் ரிப்பேராக இருந்த மைக்கை யாரும் சந்தேகப்படவில்லை. மேதைகள் பேசமாட்டார்கள் என்று பிரபு விளக்கம் சொன்னார். எட்டாவது வரை படித்த அம்சவல்லி எழுத்துக்கூட்டி ஒன்றிரண்டு வார்த்தை அனுப்புவாள். அதையும் அவர்கள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். ‘நிக்கறவன் சாவான். குந்து.’ இதை சதீஷ் தன் லேப்டாப்பில் ஒட்டியே வைத்துவிட்டான்.

இன்னொன்றும் உண்டு. மழைக்குப் பிறகு பாத்தியின் சேற்றைப் பெண்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். மிதித்த தரை காய்கிற வரைக்கும் அதில் அவசியமில்லாமல் கால் படக்கூடாது. பட்டால் பள்ளம் விழும், அந்த இடத்தில் உப்பு சேறாக விளையும். கடந்துதான் தீரவேண்டுமானால் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக, முன்னால் போனவள் வைத்த காலடியிலேயே காலை வைத்துப் போகவேண்டும். பத்துப் பேர் போனாலும் ஒருத்தி போன தடம்தான் இருக்கும். அம்சவல்லிக்கு அந்தத் தீவின் வெட்டவெளியைப் பார்த்ததும் பாத்திதான் ஞாபகம் வந்தது. ‘ஒத்த வரிசை. காலு மேல காலு’ என்று அனுப்பினாள். மூணு பேரும் அவள் பின்னால் அப்படியே போனார்கள். போய் ஜெயித்தார்கள். ஆபீசில் அதற்குத் ‘தேவா ஃபார்மேஷன்’ என்று பேர் வைத்து, பிரபு ஒரு மீட்டிங்கில் தலைமைப் பண்புக்கு உதாரணமாகவும் காட்டினார். தேவா எழுதிய கோட் ஒரு தப்புமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் எந்த மீட்டிங்கிலும் காட்டவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் மாசி மாசம் அச்சு முறிந்தது. நாலு பேருக்குமான வாட்ஸப் குரூப்பில் பிரபு போட்டார்: ‘வர்ற சனிக்கிழமை டீம் அவுட்டிங். நம்ம தல தேவா ஊரு. உப்பளம், மீன் சாப்பாடு, சாயங்காலம் நாலு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து லைவ் கேம்!’

தேவாவுக்கு அப்போதே வாளி தேவைப்பட்டது.

“வர வேணாம்னு சொல்லுடா” என்றார் பலராமன். “வூட்ல ஷீட் ஒடஞ்சிருக்குது.”

“சொன்னா இன்னா நெனப்பாங்க? ரெண்டு வருஷமா ஏமாத்திருக்கேன்னு தெரிஞ்சா அவ்ளோதான்ப்பா. அந்த குரூப்புல நான் யாரு? கேம் இல்லேன்னா நான் ஒண்ணுமே இல்ல.”

அம்சவல்லி அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “வரட்டுமே. நானும் அவங்க மூஞ்சிய ஒரு தபா பாக்கணும்.”

“நீ பாத்துக்கோ. ஆனா ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

“இன்னாடா இது, புருஷன் வூட்டுக்கு வந்த நாள்லகூட எனக்கு யாரும் இப்படிச் சொல்லல.”

திட்டம் போட்டான். சாயங்காலம் ஆட்டம் தொடங்கினதும் தேவாவுக்கு வயிற்றுவலி வரும். உள் அறையில் படுத்துக்கொண்டே ஆடுவதாகச் சொல்லிக் கதவைச் சாத்துவான். உள்ளே அம்சவல்லி இருப்பாள். பலராமன் வாசலில் காவல். கம்ப்யூட்டர் மூளைதான் இப்படி யோசிக்கும் என்று பலராமன் மெச்சினார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்தது. உப்பளத்தில் அந்த நேரத்துக்கு வானம் இறங்கிவந்துவிடும். பாத்திப் பாத்தியாகத் தண்ணீர் நிற்கும், ஒவ்வொன்றிலும் ஒரு மேகம். தூரத்தில் நடக்கிற ஆள் தரையில் நடக்கிறாரா, ஆகாசத்தில் நடக்கிறாரா என்று சொல்ல முடியாது. ஈ.சி.ஆரில் போகிற பஸ்கூட சத்தமில்லாமல் தண்ணீர் மேல் மிதந்துபோகும். காரிலிருந்து இறங்கின மூணு பேரும் போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடித்தார்கள். பிறகு பிரபு வாயைத் திறந்தார்.

“இதுதான். இந்த அமைதிதான் தேவாவோட கேம்ல தெரியுது.”

அம்சவல்லி கதவோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். யார் எந்தக் குரல் என்று முதலில் காதால் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் திறந்து ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முகத்தைப் பொருத்தினாள். கிறிஸ்டி ஒல்லியாக இருப்பாள் என்று நினைத்திருந்தாள், குண்டாக இருந்தாள். அது ஒன்றுதான் தப்பாகிப் போயிற்று.

சாப்பாட்டுக்கு நண்டுக் குழம்பு, நெத்திலி வறுவல், கத்திரிக்காய் போட்ட கருவாட்டுத் தொக்கு. இலை போட்டுப் பரிமாறிக்கொண்டே வந்தவள் சதீஷ் இலையில் தொக்கை விடாமல் தாண்டிப் போனாள்.

“ஆன்ட்டி, எனக்கு?” என்றான் சதீஷ். “ஐயோ, கத்திரிக்காயா? வேணாம் வேணாம், ஒடம்பு அரிக்கும்.”

“அதாம்ப்பா போடல” என்றாள் அம்சவல்லி.

சொன்னபிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவா தண்ணியை எடுத்து மடக்மடக்கென்று குடித்தான். சதீஷ் கவனிக்கவில்லை, அவன் நெத்திலிக்குப் போய்விட்டான். கிறிஸ்டி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?”

“தேவா சொன்னான்மா.”

“தேவாவுக்கே தெரியாதே. போன மாசம் ஆபீஸ்ல அவன்தான் இவனுக்குக் கத்திரிக்கா பஜ்ஜி வாங்கிக் குடுத்தான்.”

பலராமன் பாய்ந்து வந்தார். “அது வந்தும்மா, இவளுக்கு மூஞ்சியப் பாத்தா ஒடம்பு தெரியும். இவங்க பரம்பரையே வைத்தியருங்க.” அம்சவல்லியின் பரம்பரையில் வைத்தியத்துக்குப் போனவர்கள் உண்டு, செய்தவர்கள் கிடையாது.

சாப்பிட்டு முடித்ததும் பிரபு கையைத் துடைத்துக்கொண்டு, “தல, ஒரு ரவுண்டு இப்பவே போட்ருவோமா?” என்றார். தேவாவுக்கு வயிற்றுவலி நிஜமாகவே வந்துவிட்டது. நல்லவேளையாக அந்த மதியத்தில் நெட் நகரவில்லை. “அப்ப உப்பளத்தைப் பாத்துட்டு வந்துடலாம்” என்றாள் கிறிஸ்டி. தண்ணீர் திருப்பிவிடுகிற நேரம் என்று அம்சவல்லியும் உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னாலேயே கிளம்பிப் போனாள். வெயில் படாமலிருக்க தேவாவின் கையில் குடையைக் கொடுத்து அனுப்பினார் பலராமன். கம்ப்யூட்டர் இதற்கு மேலும் கறுத்துவிடக்கூடாது.

வரப்பில் நடக்கும்போது பிரபு உப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். உப்பும் குழு உணர்வும் ஒன்று என்றார். தண்ணீர் போனால் மிஞ்சுவது எதுவோ அதுவே நாம் என்றார். சதீஷ் போட்டோவுக்கு இடம் தேடினான். இடது பக்கம் ஒரு பாத்தி தண்ணியில்லாமல், வழுவழுவென்று, பாலாடை போலக் கிடந்தது. இருபது நாள் ஆறு பெண்கள் காலால் மிதித்த தரை அது.

“ப்ரோ, இங்க சூப்பரா இருக்கும், வாங்க!” என்று சதீஷ் இறங்கினான். பிரபு இறங்கினார். கிறிஸ்டி இறங்கினாள். பத்தடி உள்ளே போய் மூணு பேரும் மூணு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். தேவா குடையோடு வரப்பின் மேல் நின்று, “அங்கல்லாம் போகக்...” என்று இழுத்தான். பேச்சை முடித்தால் நம்மாளாக இருக்கமுடியாதோ என்று ஒரு சந்தேகம், பாதியில் நிறுத்திவிட்டான்.

முப்பதடிக்கு அப்பால் மடையில் குனிந்திருந்த அம்சவல்லி நிமிர்ந்தாள்.

“டேய், நிக்காதீங்க! ஒத்த வரிசை! காலு மேல காலு!”

இரண்டு வருஷத்துப் பழக்கம். மூணு பேரும் யோசிக்கவில்லை. உடம்பு தன்னால் திரும்பியது. கிறிஸ்டி, அவள் பின்னால் பிரபு, கடைசியில் சதீஷ். வெள்ளிக்கிழமைகளில் நிற்கிற அதே வரிசை. வரிசையின் முன்னால் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. அது தலைவன் நிற்கிற இடம். மூணு பேரும் தேவாவைப் பார்த்தார்கள்.

தேவா குடையை மடக்கினான். இறங்கினான். மடைத் தண்ணீர் ஊறிய ஓரத்தில் முதல் அடியிலேயே முழங்கால் வரைக்கும் உள்ளே போனான். உப்பள வீட்டில் பிறந்தவன் என்றாலும் இன்னும் கறுத்துவிடுவான் என்று அவனை அங்கே விட்டதே இல்லை. எங்கே மெதுவாக வைக்கவேண்டும், எங்கே வைக்கவே கூடாது என்று அவன் காலுக்குத் தெரியாது. கண்ணாடி கழன்று சேற்றில் விழுந்தது.

அம்சவல்லி பலகையை வைத்துவிட்டு வந்தாள். தண்ணி மேல் வருகிற மாதிரித்தான் இருந்தது. மகனைத் தாண்டிப் போய், காலியாக இருந்த அந்த முன்னிடத்தில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தாள். அவள் கால் எடுத்த குழியில் கிறிஸ்டியின் கால், கிறிஸ்டி எடுத்ததில் பிரபு, பிரபு எடுத்ததில் சதீஷ். மேலே நாலு பேர், கீழே ஈரத்தில் தலைகீழாக நாலு பேர். காற்றுகூட நின்றிருந்தது. எதிர் வரப்பு வந்து சேருகிற வரைக்கும் பிரபு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய வாழ்க்கையில் அது பெரிய இடைவெளி.

வரப்பில் ஏறினதும் சதீஷ்தான் கேட்டான். “ஆன்ட்டி... நீங்களா?”

அம்சவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நான்தாம்ப்பா. நீ இன்னா, போன வாரம் செவுத்துக்குப் பின்னாடி என்னைய உட்டுட்டு ஓடிட்ட?”

“ஐயோ, துப்பாக்கில குண்டு இல்ல ஆன்ட்டி!”

“கேட்டா குடுத்திருப்பேன்ல? பாப்பா, ஒங்கம்மாவுக்கு முட்டிவலி இப்ப எப்படி இருக்குது? அன்னிக்கு நீ அழுதப்ப ஒண்ணும் சொல்ல முடியல. எனக்குதான் மைக் ரிப்பேராச்சே.”

கிறிஸ்டி சேற்றுக்காலோடு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிரபு தொண்டையைச் செருமினார். “இதைத்தான் நான் எப்பவும் சொல்வேன். தலைமைங்கறது...”

“தம்பி, நீ மொதல்ல குந்திப் பழகு” என்றாள் அம்சவல்லி. “எப்பப் பாரு நின்னுக்கிட்டே பேசற. அதான் மொத ஆளா சாவற.”

சதீஷ் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பாத்தி நாரைகள் எழுந்து பறந்தன. முழங்கால் சேற்றில் நின்றபடி தேவாவும் சிரித்துப் பார்த்தான். யாரும் திட்டவில்லை. ஏன் ஏமாற்றினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக அவன் பயந்த பயத்துக்கு ஒரு மரியாதைக்காகவாவது யாராவது கேட்டிருக்கலாம். சாயங்காலம் நெட் வந்தது. உள் அறையும் வயிற்றுவலியும் தேவைப்படவில்லை. அம்சவல்லி நடுவில் உட்கார்ந்து ஆடினாள். வாசலில் எதற்குக் காவல் என்று தெரியாமலே பலராமன் காவல் இருந்தார். போகும்போது பிரபு காருக்குப் பக்கத்தில் தேவாவின் தோளில் கைபோட்டார்.

“கேம் டீம்ல நாலு பேருக்குத்தான் எடம். தப்பா எடுத்துக்காத.”

“இல்ல ப்ரோ.”

“நீ எப்பவும் நம்மாளுதான்.”

அந்த வாரமே பிரபு அம்சவல்லிக்கென்று ஒரு போன் அனுப்பி, அவளைக் குரூப்பில் சேர்த்து அட்மினும் ஆக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை மைக் ரிப்பேர் சரியாகிவிட்டது. ஆறு மணிக்கு அம்சவல்லியின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. தேவா வெளியே வந்து வரப்பில் நடந்தான். கண்ணாடியைச் சேற்றிலிருந்து யாரும் எடுக்கவில்லை. வெயில் சாய்ந்து பாத்திகள் செம்பருத்திச் சாறாக இருந்தன. அந்தப் பாத்தி இப்போது காய்ந்து இறுகிவிட்டது. வரப்போரம் கலைந்துகிடந்த சில காலடிகளைத் தாண்டி, குறுக்கே ஒரே ஒருவர் போன தடம் ஓடியது. நாலு பேர் போனது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. அதில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு துண்டு வானமும் இருந்தன. தேவா தடத்தில் தன் காலை வைத்துப் பார்த்தான். பொருந்தத்தான் செய்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமில்லாமல் நிற்பது ரெண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

எதிரில் அருக்காணி புல்லுக்கட்டோடு வந்தாள். “இன்னாடா, கண்ணாடி எங்க?”

“சேத்துல போச்சு அத்தை.”

“அப்ப வேலையும் போச்சா?”

“இல்ல, இருக்குது.”

“அதெப்படி?” என்று நம்பாமல் போனாள்.

வீட்டுக்குத் திரும்பி, தண்ணி குடிக்க உள்ளே போனான். செம்பு உருண்டது. போனிலிருந்து பிரபுவின் குரல் கேட்டது. “ஆன்ட்டி, பக்கத்துல யாரு?”

“யாருமில்லப்பா. எம்மவன்தான். நீ குந்து, குந்து!”

தேவா தன் போனை எடுத்துப் பார்த்தான். ரெண்டு நாளாக குரூப்பில் எந்தச் செய்தியும் வரவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் கவனித்தான். அவன் அந்த குரூப்பில் இல்லை. புதன்கிழமை பகல் பன்னிரண்டேகாலுக்கு அவனை நீக்கியிருந்தார்கள். நீக்கியது அம்சவல்லி.